எடை அல்ல, துரு: வடசென்னை வீட்டுப் பட்டறைக்கு இரும்பு ரேக் கட்டும் முழு வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூன்றாம் நாள்தான் வடிந்தது. கீழே இருந்ததெல்லாம் போச்சு. பின்கட்டு அறையில் நான் பட்டறை என்று சொல்லிக்கொள்ளும் ஏழுக்கு எட்டடி இடத்தில் இருந்த இரும்பு ரேக் மட்டும் அசையாமல் நின்றது. அப்பாடா என்று துடைத்துவிட்டு, சாமான்களைத் திரும்ப அடுக்கினேன். மார்ச் மாதம் ஒரு ராத்திரி, யாரும் தொடாமலேயே, அது இடதுபக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. டிரில் மெஷின், இரண்டு வைஸ், போல்ட் நட் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்கள், எல்லாம் தரையில்.

ரேக்கின் காலைத் திருப்பிப் பார்த்தேன். தரையிலிருந்து நான்கு விரல் உயரம் வரை பெயிண்ட் மட்டும்தான் இருந்தது, இரும்பு இல்லை. கையால் அழுத்தினால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. மேல் தட்டுகளில் ஒரு வளைவு, ஒரு விரிசல் கிடையாது.

"எடை தாங்காம உடைஞ்ச ரேக்கை நான் பார்த்ததே இல்ல மாப்ள. எல்லாம் கால்ல தண்ணி குடிச்சுத்தான் சாகும்" என்றார் மாமா. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது ரேக்கை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கட்டினேன். கீழே சொல்வது அந்த ரேக்கின் கதை. ரேக் கட்டும் வீடியோக்களில் எத்தனை கிலோ தாங்கும் என்பதே பேச்சாக இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடற்காற்று அடிக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு சுலபமானது. உப்பும் தேங்கும் தண்ணீரும்தான் கடினமான பகுதி. அதனால் கால், மூலை, பெயிண்ட் ஆகியவற்றுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வெல்டிங்கா, போல்ட்டா?

வாடகை வீட்டில் இருப்பவர் வெல்டிங் பக்கம் போக வேண்டாம். கடைகளில் துளை போட்ட ஆங்கிள், அதாவது எல் வடிவ இரும்புச் சட்டம், கிடைக்கிறது. லண்டனில் டிமெட்ரியஸ் கொமினோ என்ற பொறியாளர் 1940களில் சந்தைக்குக் கொண்டுவந்த யோசனை அது. சின்ன வயதில் விளையாடிய மெக்கானோ செட்டைப் பெரிதாக்கியது போல. நான்கு ஆங்கிள், தட்டுகள், மூலைக்கு முக்கோணத் தகடு, ஒரு ஸ்பானர், அவ்வளவுதான். வீடு மாறும்போது கழற்றிக் கட்டி எடுத்துப் போகலாம். இரண்டு குறைகள் உண்டு. முக்கோணத் தகட்டைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டால் ரேக் ஊஞ்சல் மாதிரி ஆடும். அப்புறம், ஒவ்வொரு துளையின் விளிம்பும் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் இடுக்கும் உப்பு தங்கும் இடம். அடி ஆங்கிளின் துளைகளுக்குள் பிரஷ் விட்டு ஒரு கோட் பெயிண்ட் அடித்த பிறகே பூட்டுங்கள்.

சொந்த வீடு, அல்லது பத்து வருஷமாகக் காலி செய்யச் சொல்லாத வீட்டுக்காரர் என்றால் ஸ்கொயர் பைப்பில் பற்றவைப்பது நல்லது. இனிமேல் சொல்வது அதைப் பற்றி.

அளவு

உயரம் 1800 மி.மீ., அகலம் 1200, ஆழம் 450. அடிக்கணக்கில் ஆறு, நான்கு, ஒன்றரை. தட்டு நான்கு. ஒரு இன்ச் ஸ்கொயர் பைப், 16 கேஜ், அதாவது 25க்கு 25 மி.மீ., சுவர் கனம் 1.6 மி.மீ.

நான்கடிக்கு மேல் அகலம் ஏன் வேண்டாம்? ஒரு தட்டில் 100 கிலோவைப் பரப்பி வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிமென்ட் மூட்டை. முன்னும் பின்னும் ஓடும் இரண்டு பைப்பும் ஆளுக்கு 50 கிலோ சுமக்கும். 1.2 மீட்டர் நீளத்தில் இந்தப் பைப் அதற்கு நடுவில் சுமார் 4 மி.மீ. தொய்யும். ஒரு நூலுக்கு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சற்று மேல், கண்ணுக்குத் தெரியாது. அதே 100 கிலோவை ஆறடித் தட்டில் வைத்தால்? நீளம் ஒன்றரை மடங்குதான், ஆனால் தொய்வு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஒன்றரையை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 3.4 மடங்கு, 13 மி.மீ.க்கு மேல். தட்டு சிரிக்கிற வாய் மாதிரி இருக்கும்.

ஆறடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், நீளவாக்கில் ஓடும் பைப்பை மட்டும் 50க்கு 25 அளவில் வாங்கி நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். எடை ஒன்றரை மடங்குதான் கூடும். விறைப்பு ஐந்து மடங்குக்கும் மேல்.

தட்டின் உயரங்களைச் சமமாகப் பிரிக்கவில்லை. கீழ்த் தட்டின் மேல்பக்கம் 450 மி.மீ., அடுத்தது 850, அப்புறம் 1300, உச்சி 1800. கீழ்த் தட்டை நிர்ணயித்தது எங்கள் சுவர்தான். வெள்ளம் விட்டுப் போன கறை தரையிலிருந்து 16 அங்குலத்தில் இன்னும் இருக்கிறது. வெள்ளை அடித்தும் மறையவில்லை. ரேக்கின் கால் போல்ட்டையும் சேர்த்தால் என் கீழ்த் தட்டு 19 அங்குலம். உங்கள் சுவரில் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு மேல் மூன்று அங்குலம் விடுங்கள். கீழ்த் தட்டுக்கு அடியில் இருக்கும் இடம் வீணாகாது. பிவிசி பைப் துண்டு, காலி வாளி, செங்கல் என்று நனைந்தாலும் அழாதவற்றை அங்கே தள்ளலாம்.

ஒரு விஷயம். அளவை முடிவு செய்யும் முன்பே, ரேக் எந்த வழியாக அறைக்குள் போகும் என்று டேப்பைப் பிடித்து நடந்து பாருங்கள். என் முதல் ரேக்கை மொட்டைமாடியில் வைத்துப் பற்றவைத்தேன். முடித்து, பெயிண்டும் அடித்த பிறகுதான் படி இரண்டரை அடி அகலம், நடுவில் திருப்பம் வேறு என்பது உறைத்தது. தெருப் பையன்கள் நாலு பேர் கயிறு கட்டி வெளிப்பக்கமாக இறக்கினார்கள். எதிர் வீட்டுப் பாட்டி, "என்னப்பா, சாமி ஊர்வலமா?" என்று கேட்டார்.

வாங்குவது

தேவையைக் கூட்டிப் பார்ப்போம்.

நிற்கும் கால்: 1800 மி.மீ., 4 துண்டு.
நீளவாக்குப் பைப்: 1150 மி.மீ., 8 துண்டு. 1200இல் இருபக்கக் காலின் கனம் 50 போய்விடும்.
ஆழவாக்குப் பைப்: 400 மி.மீ., 12 துண்டு. தட்டுக்கு இரண்டு ஓரத்தில், ஒன்று நடுவில்.

மொத்தம் 21.2 மீட்டர். பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும். நான்கு நீளம் போதும்.

சந்துக்குள் 6 மீட்டர் பைப்பைக் கொண்டுவந்து திருப்புவது நடக்காத காரியம். கடையிலேயே நான்கையும் சரிபாதியாக வெட்டச் சொல்லிவிட்டேன். 3 மீட்டர் துண்டுகள் எட்டு, மீன்பாடி வண்டியில் சுகமாக வந்துவிட்டன. பாதியாக வெட்டினால் வீணாகுமே என்று பயப்பட வேண்டாம், இந்த அளவுக்குக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. நான்கு துண்டுகளில் தலா ஒரு காலும் ஒரு நீளவாக்குப் பைப்பும் (1800, 1150, கூட்டினால் 2950). இரண்டு துண்டுகளில் தலா இரண்டு நீளவாக்கும் ஒரு ஆழவாக்கும். ஒரு துண்டில் ஏழு ஆழவாக்கு. கடைசித் துண்டில் மூன்று ஆழவாக்கு, 1.8 மீட்டர் போல மீதி. அந்த மீதியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், பின்பக்க முட்டுக்கு வேண்டும்.

எடை போட்டு வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 16 கேஜ் ஒரு இன்ச் பைப் 6 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 7 கிலோ இருக்கும். 18 கேஜ் என்றால், 1.2 மி.மீ. கனம், ஐந்தரை கிலோகூட வராது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். தராசுக்குத் தெரியும். நான் முதல் ரேக்குக்கு வாங்கியபோது கடைக்காரர் வாயால் "16 கேஜ்" என்றார், நான் காதால் வாங்கிக்கொண்டேன். இடிந்த காலை அறுத்து அளந்தபோது, துரு தொடாத மேல்பகுதியே 1.2தான் இருந்தது. துருவுக்கு 0.4 மி.மீ. என்பது சின்ன வித்தியாசம் இல்லை, கால்வாசி ஆயுள்.

நான்கு நீளத்துக்குப் பக்கத்துத் தெரு இரும்புக் கடை போதும். நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக எடுப்பதானால் மணலிக்குப் பக்கத்தில் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட் இருக்கிறது. இரும்பு வியாபாரத்துக்கென்றே சி.எம்.டி.ஏ. உண்டாக்கிய சந்தை அது. காலுக்கு வேண்டிய 75க்கு 75, 5 மி.மீ. தகட்டுத் துண்டு நான்கைக் காயலான் கடையில் பொறுக்கினேன். 12 மி.மீ. போல்ட் நான்கு, அதற்கு ஜோடி நட்டுகள்.

ஜி.ஐ. பைப் வாங்கினால் துருப் பிரச்சினையே இல்லையே என்று கேட்பீர்கள். பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போகும். நமக்குத் துரு பிடிப்பதே அந்த மூலைகளில்தான். எரியும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டர்கள் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. கறுப்புப் பைப்பே போதும், ஒழுங்காகப் பெயிண்ட் அடித்தால்.

வெட்டுவதற்கு முன் கரண்ட், கண், துணி

இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். வீட்டு சிங்கிள் ஃபேஸில் இந்த வேலைக்கு ஓடும். ஆனால் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். ஃபேன் பிளக்கில் மாட்டினால் வயர் உருகும். எக்ஸ்டென்ஷன் போடுவதானால் 2.5 சதுர மி.மீ. வயர். எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய காம்பவுண்ட் வீடுகளில் மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்குத்தான். ஈரத் தரையில், வெறுங்காலோடு ஹோல்டரைத் தொடாதீர்கள்.

லுங்கி கட்டிக்கொண்டு வெல்டிங் செய்ய உட்காராதீர்கள். நைலான் டி-ஷர்ட்டும் வேண்டாம். பொறி பட்டால் தோலோடு ஒட்டும். பருத்திப் பேன்ட், தோல் கையுறை, ஷூ. கண்ணுக்கு 10ஆம் எண் கண்ணாடி வைத்த ஹெல்மெட். "டேக்தானே (பொட்டு வெல்டிங்), ஒரு நொடி" என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். அடித்த உடனே ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, தூங்கப் போகும் நேரத்தில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரியும். உருளைக்கிழங்கு வைப்பது, பால் விடுவது எதுவும் வேண்டாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இலிருந்து இருக்கிறது, அங்கே போங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளையும் விரட்டிவிடுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும், தின்னர் டப்பா தூரமாக.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போதும். வீலை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். மூலைமட்டம் வைத்து நான்கு பக்கமும் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வெட்டினால் முகம் நேராக வரும். ஒரே நீளத் துண்டுகளையெல்லாம் சேர்த்து நிமிர்த்தித் தரையில் தட்டிப் பாருங்கள். எது குட்டை, எது நெட்டை என்று தலையைத் தடவினாலே தெரிந்துவிடும். எட்டு நீளவாக்குத் துண்டுக்குள் அரை நூல் வித்தியாசம் இருந்தாலும் தேய்த்துச் சமமாக்குங்கள். பற்றவைத்த பிறகு வளைவைத் திருத்த முடியாது.

இரண்டு ஏணி

ரேக்கை ஒரே மூச்சில் நிறுத்திக் கட்டப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. முதலில் இரண்டு ஏணி செய்யுங்கள். இரண்டு காலைத் தரையில் படுக்க வைத்து, நடுவே நான்கு ஆழவாக்குத் துண்டு. அதே மாதிரி இன்னொன்று. இரண்டு காலின் உயரக் குறியையும் பக்கத்தில் வைத்து ஒரே கோடாகப் போடுங்கள், தனித்தனியாக அளந்து போடாதீர்கள்.

தரை வாட்டமாக இருக்கும், நம் வீடுகளில் எல்லாத் தரையும் எங்கோ ஒரு சாக்கடையைப் பார்த்துச் சரியும். அதனால் நான் இரண்டு மரச் சட்டத்தை ரசமட்டம் பார்த்து வைத்து அதன்மேல் கட்டினேன்.

வெல்டிங் ராடு 6013, 2.5 மி.மீ. மெஷினில் 55இலிருந்து 65 ஆம்பியருக்குள். ராடை நெகட்டிவில் மாட்டினால் மெல்லிய பைப்பில் ஓட்டை விழுவது குறையும். முதலில் மீதித் துண்டு இரண்டில் பத்து முறை பழகுங்கள். ராடு பாக்கெட் திறந்து பல நாள் கிடந்ததா? கடற்காற்றில் ஈரம் பிடித்திருக்கும். ஒட்டிக்கொள்ளும், படபடவென்று தெறிக்கும். ஒரு நண்பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் பரப்பிவிட்டு எடுங்கள்.

எல்லா மூலைக்கும் முதலில் டேக் மட்டும். ஒவ்வொரு மூலையிலும் எதிரெதிராக இரண்டு பொட்டு. அப்புறம் மூலைக்கு மூலை அளவு. 1800க்கு 450 ஏணியில் அது இரண்டு பக்கமும் 1855 மி.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் அதிகம் என்றால் அந்த மூலையை மரச்சுத்தியலால் தட்டினால் நகரும். டேக் நிலையில் இருக்கும்வரைதான் இந்தச் சலுகை.

முழு வெல்டிங் போடும்போது ஒரு மூலையை முடித்துவிட்டுப் பக்கத்து மூலைக்குப் போகாதீர்கள். சூடான இரும்பு ஆறும்போது தன் பக்கம் இழுக்கும். மேல் இடது, கீழ் வலது, நடு என்று தாண்டித் தாண்டிப் போங்கள். நிமிர்ந்த தையலை, அதாவது வெல்டிங் கோட்டை, மேலிருந்து கீழே இழுங்கள். கீழிருந்து மேலே போனால் 1.6 மி.மீ. பைப்பில் ஓட்டைதான். ஒரு பக்கம் முடிந்தால் கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு அடுத்தது. மாமா இந்த இடைவெளியில்தான் டீ குடிப்பார்.

இந்த ரேக்கில் 40 இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம், மொத்தம் 4 மீட்டர் வெல்டிங். "பின்பக்கம் யார் பார்க்கப் போறாங்க" என்று மூன்று பக்கத்தோடு நிறுத்தத் தோன்றும். பலத்துக்கு மூன்று பக்கமே போதும். ஆனால் விட்ட நாலாவது பக்கத்தில் முடி நுழையும் இடுக்கு இருக்கும். அங்கே பெயிண்ட் போகாது, உப்புக் காற்று போகும். சுற்றி மூடுங்கள். ஒவ்வொரு தையலிலும் கசடைச் சுத்தியால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளியாக மின்னும்வரை விடாதீர்கள். கசடுமேல் பெயிண்ட் நிற்காது. ரேக்கில் துரு முதலில் மூலையில் ஆரம்பிப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இரண்டு ஏணியும் ஆன பிறகு, அவற்றைப் பக்கவாட்டில் நிறுத்தி எட்டு நீளவாக்குப் பைப்பை டேக் செய்யுங்கள். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, முன்பக்க மூலைக்கு மூலை 2163 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள். பின்பக்கமும் அதே அளவு. அப்புறம் முழு வெல்டிங், நடு ஆழவாக்கு நான்கு. மீதி வைத்த 1.8 மீட்டரில் இரண்டு 45 டிகிரி முட்டு வெட்டிப் பின்பக்கக் கீழ் மூலைகளில் வைத்தேன். பக்கவாட்டு ஆட்டம் அங்கேயே செத்துப் போயிற்று.

வாசல் வழி முழு ரேக் நுழையாது என்றால், ஏணிகளில் சின்ன ஆங்கிள் துண்டுகளைப் பற்றவைத்து, நீளவாக்குப் பைப்பை அதன்மேல் உட்கார வைத்து 8 மி.மீ. போல்ட் போட்டு அறைக்குள் பூட்டலாம். அப்படிச் செய்தால் பின்பக்கம் மூலைக்கு மூலை குறுக்குப் பட்டை கட்டாயம்.

கால்

என் பழைய ரேக்கின் கால்களில் ரப்பர் புஷ் மாட்டியிருந்தேன். தரை கீறாது, அழகாக இருக்கும் என்று நினைத்தேன். தரை கழுவும் தண்ணீர் அந்தப் புஷ்ஷுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வெளியே வர வழி இல்லை. பைப் வருஷக்கணக்கில் ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. வெள்ளம் அதை முடித்து வைத்தது, அவ்வளவுதான். புஷ் மாட்டவே மாட்டாதீர்கள்.

புதிய ரேக்கில் ஒவ்வொரு காலின் அடியிலும் 75க்கு 75 தகட்டைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் பற்றவைத்தேன். தகட்டின் அடியில் 12 மி.மீ. நட்டு ஒன்று. அதில் போல்ட்டைத் தலைகீழாகத் திருகினால் அதுவே கால். இன்னொரு நட்டைப் போட்டு இறுக்கிப் பூட்டலாம். ரேக் தரையிலிருந்து 30 மி.மீ. மேலே நிற்கும், கழுவும் தண்ணீர் அடியில் ஓடிப்போகும், தரை வாட்டத்தையும் போல்ட்டைத் திருகியே சரிசெய்யலாம். போல்ட் துருப்பிடித்தால் கழற்றி மாற்ற சில ரூபாய்தான் ஆகும். காலை மாற்ற முடியாது.

உச்சியில் திறந்திருக்கும் நான்கு வாயையும் தகட்டுத் துண்டால் மூடினேன். அதற்கு மேல் ஒரு விவாதம் வந்தது. பைப்பை முழுக்க மூடினால் உள்ளே காற்றும் ஈரமும் போகாது, துருவும் வராது என்பது என் கட்சி. "உன் வெல்டிங்ல ஊசி ஓட்டை இல்லன்னு சத்தியம் பண்ணுவியா?" என்று மாமா கேட்டார். பண்ண முடியவில்லை. தண்ணீர் ஊசி ஓட்டை வழியாக உள்ளே போய்விடும், திரும்ப வரத் தெரியாது. அதனால் ஒவ்வொரு காலிலும் தகட்டுக்கு ஒரு விரல் மேலே, பின்பக்கமாக 6 மி.மீ. துளை ஒன்று போட்டோம். தொழில்முறை வெல்டர் போட்டுக் கொடுத்தால் துளை வேண்டாம். நம் கைக்கு வேண்டும்.

பெயிண்ட்

அவசரப்படுபவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். முதலில் தின்னரில் துணி நனைத்து ஆலை எண்ணெயைத் துடையுங்கள். துரு இருக்கும் இடத்தில் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள். அதன் பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முறை கழுவி, உடனே துணியால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். இரும்பைக் கழுவுவதா என்று கேட்பீர்கள். நாலு நாள் கடற்காற்றில் கிடந்த பைப்பின் மேல் உப்பு படிந்திருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். தேய்த்தால் போகாது, தண்ணீரில்தான் கரையும். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். எங்கள் பக்கம் அதுவே உப்பு.

காய்ந்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர். காலை வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து, கடற்காற்று எழும் முன் முடித்துவிடுங்கள். சாயங்காலம் அடித்தால் ராத்திரிப் பனி மேலே இறங்கும். மூலைகளிலும் தையல்களிலும் முதலில் சின்ன பிரஷ்ஷால் ஒரு கோட், பிறகு மொத்தத்துக்கும் ஒரு கோட், மறுநாள் இன்னொரு கோட். அதன்மேல் எனாமல் இரண்டு கோட், கோட்டுக்கு ஒரு ராத்திரி இடைவெளி. கீழ் ஒன்றரை அடிக்கு மட்டும் ரெட் ஆக்சைடுக்குப் பதிலாக இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி பிரைமர் போட்டேன். முழு ரேக்குக்கும் அதைப் போடலாம், ஆனால் செலவு அதிகம். தண்ணீர் தொடும் உயரத்துக்கு மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். தகட்டின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். ரேக்கைப் படுக்க வைத்து அடியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

தட்டு

இரும்புத் தகட்டைத் தட்டாகப் போட்டால் மழைக்காலத்தில் வியர்க்கும், அடியில் துரு பிடிக்கும், மேலே வைத்த ஸ்பானருக்கும் ஒட்டும். 12 மி.மீ. பிளைவுட் போட்டேன். ஐ.எஸ். 710 முத்திரை போட்டது மெரைன் பிளைவுட், தண்ணீரைத் தாங்கும். எட்டுக்கு நான்கடிப் பலகை ஒன்றில் நான்கு தட்டும் வந்து மீதியும் இருக்கும். காலுக்கு இடம் விட உச்சித் தட்டு தவிர மற்ற மூன்று தட்டுகளின் நான்கு மூலையிலும் 25 மி.மீ. சதுரம் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் ஒரு கோட். கீழ்த் தட்டுக்குத் துளை வலையான எக்ஸ்பாண்டட் மெஷ் போட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் ஏறினாலும் வழிந்துவிடும், கழுவவும் சுலபம்.

சுவரும் அடுக்குவதும்

நான்கு தட்டும் நிறைந்தால் 400 கிலோவுக்கு மேல். மாடியில், அதுவும் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்) போட்ட பழைய வீட்டில், அறையின் நடுவில் நிறுத்தாதீர்கள். சுமை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். மேல் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் சுவரோடு கட்டுங்கள். செங்கல்லில் துளை போட வேண்டும், செங்கல்லுக்கு இடையே இருக்கும் காரையில் அல்ல. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் விரியும் ஆங்கர் போல்ட் போட்டால் செங்கல்லே பிளக்கும். நீளமான நைலான் பிளக்கும் ஸ்க்ரூவும் போதும்.

கனமானது 450 மி.மீ. தட்டில். வைஸ், கிரைண்டர், ஆணி டின்கள். உச்சியில் காலி டப்பா, ஹெல்மெட், தெர்மாகோல். முதல் முறை அடுக்கும்போது ஒரு தட்டில் இரண்டு சிமென்ட் மூட்டை வைத்து, முன்பைப்பின் இரு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. முனைகள் பற்றவைத்திருப்பதால் கணக்கைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கிறது.

வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன், டார்ச்சை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்து நான்கு காலையும் பாருங்கள். துளையில் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். துருத்தூள் கொட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. பெயிண்டில் கொப்புளம் தெரிந்தால் சுரண்டி, கழுவி, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமரும் எனாமலும். போன வருஷம் பின்பக்க இடது காலில் பொட்டு அளவு ஒரு கொப்புளம் இருந்தது. பதினைந்து நிமிஷ வேலை. மாமா அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.